தோர்பியோர்னின் நட்சத்திரம்

“உன் மாமனார் என்னிடம் நான் பிறந்த நேரத்தைக் கேட்டார்” என்றார் தோர்பியோர்ன்.

நிருஜனின் கையிலிருந்த பந்து நழுவி, உள்ளரங்கின் மறுமூலைவரை தானே உருண்டு போனது.

தோர்பியோர்ன் ஒஸ்லோவிலுள்ள ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். வளையத்துக்கு வலை கட்ட ஏணி தேடாத உயரம். நிருஜன் அவருக்கு உதவிப் பயிற்சியாளர்.

“சொல்லிவிட்டீர்களா?”

“எனக்கெப்படித் தெரியும்? வடக்கே பூடோவில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். காலை ஆறு இருபதாம். அம்மா அழுதே விட்டார். இதுவரை ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லையாம்.”

நிருஜனுக்குக் காது சுட்டது. மாமா எதற்குக் கேட்டிருப்பார் என்று அவனுக்கா தெரியாது? தோர்பியோர்னுக்கு எப்போது கெட்ட காலம் தொடங்குகிறது என்று பார்க்கத்தான்.

இந்தத் தொழிலின் வழக்கம் அப்படி. தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினால் உதவியாளரும் கூடவே மூட்டை கட்டவேண்டும். அப்படித்தான் ஸ்தவாங்கரிலிருந்து ட்ரொண்ட்ஹைம், ட்ரொண்ட்ஹைமிலிருந்து ஒஸ்லோ. லொறிச் சத்தம் கேட்டாலே இவர்கள் வீட்டுச் சோபா தானாக எழும்பி வாசலுக்கு வந்துவிடும் என்று இவர்கள் இப்போது குடியிருக்கும் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு பேச்சு உண்டு.

இங்கேயும் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. வரும் சனிக்கிழமையும் தோற்றால் தோர்பியோர்னுக்கு வேலை இல்லை. நிருஜனின் மனைவி கம்சிகாவுக்கோ, பார்னஹாகேயில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கும் வேலை இப்போதுதான் நிரந்தரமாகியிருந்தது.

“நீங்கள் எங்கை போனாலும் வருவன்” என்று அவள் சொல்லியிருந்தாள். “சோபாவுக்கு ஒரு பக்கம் பிடி எண்டு மட்டும் கேக்காதேங்கோ.”

அவளுடைய அப்பா இராசதுரை, இளைப்பாறிய பஸ் சாரதி. இவர்களோடுதான் இருக்கிறார்.

“முப்பது வருசம் பஸ் ஓடினனான், தம்பி. பஸ் தோத்துப்போச்செண்டு ஒருநாளும் என்னை நிப்பாட்டேல்லை.”

சாப்பாட்டு மேசையில் தினமும் இதுதான் முதற்கறி.

அதையாவது பொறுக்கலாம். அணி தோற்கத் தோற்க மனுசன் தளிர்த்துக்கொண்டு வந்ததைத்தான் நிருஜனால் பொறுக்க முடியவில்லை. முதல் தோல்வியோடு அவருடைய முழங்கால் வலி மறைந்தது. அடுத்த தோல்விக்குக் கோயில் லொத்தரில் சுவரளவு டீவி விழுந்தது. அதற்கடுத்த தோல்விக்கு வழுக்கையில் முடியே அரும்பிவிட்டது.

அன்று பின்னேரம் நேரே கேட்டுவிட்டான்.

“மாமா, அந்த மனுசனிட்டை ஏன் பிறந்த நேரம் கேட்டனீங்கள்?”

“ஏன், அவன் நேரங்காலம் இல்லாமலோ பிறந்தவன்?”

“அவருக்கு எப்ப வேலை போகும் எண்டுதானே பாக்கிறீங்கள்?”

மாமா டீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

“பஸ் கொம்பனியிலை ஆள் எடுக்கினமாம்” என்றார், டீவியைப் பார்த்தபடி.

அது நிருஜனுக்கும் தெரியும். ஒருவருக்கும் சொல்லாமல் அங்கே விண்ணப்பம் எழுதிப்போட்டு, சாரதிப் பயிற்சிக்கு இடமும் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் அனுப்பவேண்டும். ஒரே வேலை, ஒரே ஊர், ஒரே இடத்தில் சோபா. பந்தை மறந்துவிடவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மாமாவைத் தேடிக் கோயிலுக்கே போனான். “நீங்கள் வெண்டிட்டீங்கள்” என்று முகத்துக்கு நேரே சொல்லி, அவர் கண்முன்னாலேயே பஸ் கொம்பனிக்கு ‘வருகிறேன்’ என்று பதிலை அனுப்புவதாக உத்தேசம்.

சப்பாத்தைக் கழற்றி உள்ளே கால் வைத்தபோது ஐயர் அர்ச்சனை செய்துகொண்டிருந்தார்.

“பூச நட்சத்திரே, கடக ராசௌ ஜாதஸ்ய, தோர்பியோர்ன் நாமதேயஸ்ய...”

நாக்கு ஓரிடத்திலும் இடறவில்லை. நல்ல பழக்கம் போலிருந்தது.

தட்டை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு ஐயர் நிருஜனைப் பார்த்தார். “உங்கடை மாமா வெள்ளிக்கு வெள்ளி இவருக்குத்தான் அர்ச்சனை. உத்தியோகம் நிலைக்கவேணுமாம். இண்டைக்கு மட்டும் நட்சத்திரம் மாறியிருக்கு. முந்திக் கார்த்திகை, இப்ப பூசம். எது சரி?”

நிருஜன் மெதுவாகத் திரும்பினான். “கார்த்திகை உங்கடை நட்சத்திரமெல்லோ, மாமா?”

இராசதுரை தேங்காய்ப் பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நட்சத்திரம் இல்லாமல் அர்ச்சனை செய்யேலாது. அவனிட்டைக் கேக்க வெக்கமாய்க் கிடந்தது. என்ரையைக் குடுத்திட்டன்.”

“அதாலை?”

“அதாலை என்ன, பேர் அவன்ரை, பலன் எனக்கு. முழங்கால் சுகமாச்சு. டீவி விழுந்தது. தலையைப் பாரும். நீங்கள் அங்கை தோத்து மெலிய, நான் இஞ்சை கொழுக்கிறன். போன கிழமைதான் எனக்கு விளங்கினது. அதுதான் வெக்கத்தை விட்டு அவனிட்டைப் பிறந்த நேரம் கேட்டனான்.”

“அப்ப ஏன் எந்த நேரமும் பஸ், பஸ் எண்டு என்னை அரிச்சனீங்கள்?”

“அது மாமன் எண்டால் கதைக்கிறதுதான். உமக்கு பஸ் சரிவராது, தம்பி. பின்சீற்றிலை நித்திரை கொள்ளுறவனையும் எழுப்பி ஓடவிடுவீர்.”

நிருஜன் போனை எடுத்தான். “வரவில்லை, மன்னிக்கவும்” என்று பஸ் கொம்பனிக்கு எழுதி அனுப்பினான்.

இருவரும் வெளியே வந்தார்கள். படியிறங்கும்போது மாமாவின் முழங்கால் மளுக்கென்றது. நிருஜன் பாய்ந்துபோய்ப் பிடித்தான்.

“விடும், விடும்” என்றார் இராசதுரை, நொண்டிக்கொண்டே, முகமெல்லாம் சிரிப்பாக. “அவனுக்கு வேலைசெய்யத் தொடங்கிட்டுது.”