விளையாட்டுச் சாமான் அறை

பழைய மாணவர் சந்திப்பில் ஒரு வசதி உண்டு. "உன்னை ஞாபகம் இல்லை" என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான், அந்தப் பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காத நான் உள்ளே நுழைந்தேன். துப்பறிவது என் தொழில்.

"டேய் மச்சான்!" என்று கட்டிப்பிடித்த ஒரு வழுக்கைத்தலையன், என்னை விளையாட்டுச் சாமான் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். ஜன்னலே இல்லாத இந்த அறையில்தான், இவர்களோடு படித்த, மூச்சிரைப்பு உள்ள ஒரு பையன் அடைபட்டுச் செத்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று அப்போது விஷயத்தை அமுக்கிவிட்டார்கள்.

"அன்னிக்கு வெளியில தாழ்ப்பாள் போட்டது யாருன்னு உனக்குத் தெரியும்ல?" என்றான்.

தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். "தெரியாம என்ன? நீயும் அங்கதான இருந்த?"

"இருந்தேன். ஆனா போட்டது நீ."

அவன் வாயைக் கிளற வேறு வழி தெரியவில்லை. "சரி, நான்தான். கூட இருந்தவங்க யாரு, சொல்லு."

அவன் சட்டைப் பையிலிருந்து, ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டரை எடுத்தான். "மாட்டினியா? நான் டிடெக்டிவ். பையனோட அப்பா அனுப்பினார்."

"அட போய்யா! நானும் டிடெக்டிவ்தான். என்னை அனுப்பினது அவங்கம்மா."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்போ தாழ்ப்பாள் போட்டவன்..." என்று அவன் இழுக்கும்போதே கதவு படாரென்று மூடிக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. என் செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிதானமாகச் சொன்னார்கள்:

"அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லிடலாம்டா. தானா சாத்திக்கிச்சுன்னு."