உப்பு ஏறுகிறது

மீன்துறை அலுவலகத்தில் மெட்டில்டா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து மணிக்காகக் காத்திருந்தாள்.

கடலடியில் முத்துச்சிப்பி விளையும் முத்துப்பாருக்கு மேலே நங்கூரக் கயிற்றில் கட்டிய மஞ்சள் மிதவை ஒன்று உண்டு. கடல்நீரின் சூட்டையும் உப்பையும் அதுவே அளந்து, மணிக்கொரு தடவை தந்திச் சத்தத்தில் சொல்லும். அவள் கேட்டு எழுதி, உடனே டெலிபிரின்டரில் டெல்லிக்குத் தட்டுவாள். தூத்துக்குடிக் கடல் எவ்வளவு கரிக்கிறது என்பது தூத்துக்குடிக்கு முன்னால் டெல்லிக்குத் தெரிந்துவிடும். அலுவலக நேரத்தில் மட்டும்.

பன்னிரண்டு நாளாக உப்பு ஏறிக்கொண்டே இருந்தது.

அதிகாரி வன்னியபெருமாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. லாஞ்சில் கால் வைத்தாலே வாந்தி எடுக்கிற மனிதர், நாற்காலியில் இருந்தபடியே முத்துச்சிப்பிகள் அழிந்த காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். உப்பு! கட்டுரையும் எழுதி அனுப்பியாயிற்று. நாளைக்கு டெல்லியிலிருந்து இரண்டு விஞ்ஞானிகள் வருகிறார்கள். கடலுக்குப் போகிற உத்தேசம் அவர்களுக்கும் இல்லை. ஹெட்போனில் கேட்டால் போதுமாம்.

மெட்டில்டாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. மிதவை கடலில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வலை சிக்கிய ஆத்திரத்தில் அவள் புருஷன் ரோச் கயிற்றை வெட்டி, அதைத் தங்கள் ஊரான புன்னைக்காயலுக்கு இழுத்து வந்துவிட்டான். சர்க்கார் சொத்து. வெளியே தெரிந்தால் அவனுக்கு ஜெயில், அவளுக்கு வேலை போய்விடும். சனிக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட அவள் போகவில்லை. திருப்பிக் கொடு என்றுதானே சாமியார் சொல்வார்? உண்மையை மறைப்பதுகூடப் பழகிவிடும்போலிருந்தது. மணிக்கொரு தடவை பொய்க்குக் கையெழுத்துப் போடுவதுதான் பழகவில்லை.

லாஞ்ச் டிரைவர் ஜீவமணி மூச்சிரைக்க வந்தான். டெல்லிக்காரர்களை முன்னிட்டு மிதவைக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவன். டப்பா திறக்கப்படாமல் கையில் இருந்தது.

“சார், அங்கன மிதவையே இல்ல. கயித்த எவனோ வெட்டிருக்கான். கொக்கி போட்டுத் தூக்கிப் பாத்தேன், வெட்டுன நுனியில பாசி புடிச்சுக் கெடக்கு.”

வன்னியபெருமாள் மெட்டில்டா பக்கம் திரும்பினார்.

“அப்போ நீ எழுதுன நம்பரெல்லாம்? பஸ்ஸுல வரும்போதே யோசிச்சு வச்சுக்கிடுவியோ? ஏலே ஜீவமணி, போலீசுக்குப் போனப் போடு!”

மணி பத்து அடித்தது. மெட்டில்டா ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

சத்தம் தெளிவாக வந்தது. உப்பு நேற்றைவிட அதிகம். அவர் முகம் வெளுத்தது.

“கடல்ல இல்லாதது எங்கருந்து பேசுது?”

“எங்க வீட்டுப் பொறவாசல்லருந்து சார்.” அழுதுவிட்டாள். “போலீசுக்குப் பயந்து அவுக அத கருவாட்டுத் தொட்டிக்குள்ள முக்கி வச்சிருக்காக. மேல நீட்டுத கம்பியில துணி காயப்போடுதோம். தெனமும் மீனுக்கு உப்பப் போடப் போட, இதுவும் ஏறுது சார்.”

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். ஜீவமணியின் கையிலிருந்து போனை வாங்கிக் கீழே வைத்தார். மேஜையில் கிடந்த தன் கட்டுரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அழாதம்மா. நாளைக்கு டெல்லிக்காரங்க வாராங்க. வீட்டுக்காரர்ட்ட சொல்லி, தொட்டியில இன்னும் ரெண்டு படி உப்பு போடச் சொல்லு.”