துகள் துள்ளிய இடம்

மைக்ரோஸ்கோப்பின் மேடை கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கண்ணாடியில் ஒரு தங்கத் துகளை ஒட்டிவைத்து, அது நகர்ந்த தூரத்தைப் படத்திலிருந்து கழித்துவிடுவோம். பழைய பதிவொன்றை இன்று திருத்த எடுத்தோம். மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த துகள் ஓரிடத்தில் சட்டென்று துள்ளியிருந்தது.

“யாரோ மேசைய இடிச்சிருக்காங்க அக்கா,” என்றாள் புதிதாகச் சேர்ந்த நஸ்ரின்.

அந்தப் பதிவை என்னோடு எடுத்தவள் பூங்கோதை. அவள் இருந்தவரை அந்த மேசையில் முழங்கையை ஊன்றித்தான் சிரிப்பாள். “கைய எடுடி, ஆடுது” என்று நான் கத்தினால் இன்னும் சிரிப்பாள்.

“இந்தத் துள்ளலையும் கழிச்சிடவா அக்கா?”

“ம், கழிச்சிடு.”

படம் தெளிந்தது. உயிரணுவின் இழைகள் ஒன்றுகூட அசையாமல் நின்றன. நான் எழுந்துபோய், நஸ்ரினின் புதிய பதிவு ஓடிக்கொண்டிருந்த அதே மேசையில் முழங்கையை ஊன்றினேன்.

“அக்கா, கைய எடுங்க, ஆடுது!”