மாமா எழுவதற்குள்

மருமகள் மூன்றாவது முறையாக கேமராவின் அந்தத் துக்கடா மெமரி கார்டை அழிரப்பரால் தேய்த்தாள். உள்ளறையில் மாமனாரின் குறட்டை சீராகக் கேட்டது. அது நிற்கும்வரைதான் அவளுக்கு அவகாசம்.

கார்டைக் கேமராவில் செருகினாள். திரையில் மறுபடியும் அதே சிவப்பு எழுத்து: 'கார்டு எரர்'.

மாமியார் போய் இரண்டு வருஷமாகிறது. கேமராவைப் பார்த்தாலே கையால் முகத்தை மூடிக்கொள்கிற மனுஷி. அவர் அசந்த நேரமாகப் பார்த்து மாமா எடுத்த நாற்பது படங்கள்தான் மிச்சம். அதில் ஒன்றில் மூக்கு நுனியில் மாவோடு வாய்விட்டுச் சிரிப்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சிரிப்போடு அரைமணி நேரம் இருந்தால்தான் மாமாவுக்கு அன்றைய நாள் முடியும்.

"இந்த ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்" என்று சொல்லியே கணவன் இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டான். இவனை நம்பிப் பயனில்லை, அந்தச் சிரிப்பைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாமாவை அசத்திவிடலாம் என்று இன்று மத்தியானம் இவளே களத்தில் இறங்கினாள். கார்டைச் செருகியதும், ஃபார்மட் செய்யட்டுமா என்று கணினி கேட்டது. யார் எதைக் கேட்டாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் யோசிப்பது அவள் சுபாவம். கல்யாணத்துக்கே அப்படித்தான் சம்மதித்தாள்.

'சரி'யை அழுத்தினாள். நாற்பது படமும் போயே போய்விட்டது.

மாமா நாலு வார்த்தை திட்டுகிறவராக இருந்தால்கூடப் பரவாயில்லை. அவருக்கு இவள் என்றால் உயிர். காலைப் பேப்பரைக்கூட இவள்தான் உரக்கப் படிக்க வேண்டும். "நீ படிச்சா கெட்ட செய்திகூடக் காதுக்கு இதமா இருக்கும்மா" என்பார். "அப்பாவோட சொந்த ரேடியோ" என்று கணவன் கிண்டலடிப்பான். அப்படிப்பட்ட மனுஷருக்குத்தான் இவள் இந்தக் காரியத்தைச் செய்து வைத்திருக்கிறாள்.

கேமராவையும் கார்டையும் எடுத்துக்கொண்டு தெருமுனை ஸ்டுடியோவுக்கு ஓடினாள். ஸ்டுடியோக்காரர் கார்டின் ஓரத்திலிருந்த சின்னப் பூட்டு விசையை நகர்த்திப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். அழிந்த படத்தை மீட்கிற மென்பொருளில் போட்டு உருட்டினார். அவர் முகம் தெளியவே இல்லை.

"ஏம்மா, அழிச்சது மட்டும்னா மீட்டிருக்கலாம். கார்டே உள்ளுக்குள்ள செத்துப்போச்சு. படத்தோட பேர் மட்டும் வரிசையா வருது, தொறந்தா ஒண்ணுமில்ல."

"ஒரே ஒரு படம் போதும் அண்ணா. எங்க அத்தை சிரிக்கிற படம்."

"இருந்தா தரமாட்டேனா?" என்றார் அவர். அவள் கார்டைத் திரும்பக் கேமராவில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது குறட்டை நின்றிருந்தது. மாமா முகம் கழுவி, ஜன்னலோர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியாம்மா? கேமராவைக் காணமே."

ஓடிப் போய் மாடியிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது. கேமராவை அவர் கையில் வைத்தாள்.

மாமா அதை உயிர்ப்பித்தார். 'கார்டு எரர்' என்று சிவப்பாக எரிந்தது. அவரோ பொத்தானை நிதானமாக அமுக்க ஆரம்பித்தார், டிக், டிக் என்று. கொஞ்ச நேரத்தில் விரல் நின்றது. அவர் திரையைப் பார்த்தபடி மெல்லச் சிரித்தார்.

அதிர்ச்சியில் மனுஷருக்குப் புத்தி பேதலித்துவிட்டது!

"மாமா!" என்று காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "நான்தான் மாமா எல்லாத்தையும் அழிச்சிட்டேன். பெரிசாக்கித் தரலாம்னு நெனச்சேன். அத்தை படம் ஒண்ணுகூட இல்ல. என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுங்க."

மாமாவின் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது.

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல மாமா."

"அப்ப... இப்ப இதுல என்னம்மா இருக்கு?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க? கார்டு எரர்னு கொட்டை எழுத்துல உங்க கண்ணு முன்னாலதானே இருக்கு!"

அவர் கேமராவை மடியில் வைத்தார். கையை நீட்டித் தடவி அவள் கன்னத்தைக் கண்டுபிடித்து ஈரத்தைத் துடைத்தார்.

"பதினாலு தடவை அமுக்கினா உங்க அத்தை சிரிப்பா. இன்னைக்கும் சிரிச்சாம்மா, அவளை யாரும் அழிக்கல. இதை மட்டும் உன் புருஷன்கிட்ட சொல்லிடாதே, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்தடிப்பான்."

"எதை மாமா?"

"உன் முகத்தைப் பார்த்தே ஆறு மாசமாச்சும்மா."