சுறாத் தொட்டி வேலை

“இன்னைக்கும் அந்தத் தொட்டிக்குள்ள இறங்கத்தான் போறீங்களா?”

மீன் காட்சியகத்தில் அவள் கணவனுக்கு முக்குளிக்கிற வேலை. சுறாத் தொட்டிக்குள் இறங்கி, கண்ணாடியை உள்பக்கமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொஞ்ச காலமாக அவனுக்கு மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏறினால் இருமல்.

“அது புள்ளிச் சுறாடி. தின்னுட்டுத் தரையில படுத்துக்கும். யாரையும் ஒண்ணும் பண்ணாது” என்றான், சட்டையை மாட்டிக்கொண்டே.

“சுறாவுல நல்ல சுறா, கெட்ட சுறா வேறயா? இதோ, என் கேனரியைப் பாருங்க. பாடுறதைத் தவிர அதுக்கு என்ன தெரியும்? வளர்த்தா இப்படி ஒண்ணை வளர்க்கணும்.”

கூண்டுக்குள் மஞ்சள் குருவி கழுத்தைத் தூக்கிப் பாடிக்கொண்டிருந்தது. குழந்தை வயிற்றிலேயே தவறிப்போய், அவள் யாரோடும் பேசாமல் கிடந்த நாட்களில் அவன் வாங்கி வந்த குருவி.

“அது சரி. உன் குருவியோட என் சுறா போட்டி போட முடியுமா?”

சிரிக்கப் போய் இருமினான். சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுவிட்டுக் கிளம்பினான்.

சொன்னால் கேட்கிற ஆளா?

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த இருமல் வந்துவிட்டால்? பாத்திரத்தைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஊழியர்கள் போகிற பின்வாசல் வழியாக நேரே மேனேஜர் அறைக்கே போய்விட்டாள்.

“சார், தயவுசெஞ்சு அவரை அந்தத் தொட்டியில இறக்காதீங்க. வேற எந்த வேலை குடுத்தாலும் பரவாயில்லை.”

மேனேஜர் விழித்தார். “அவர் தண்ணில இறங்கி மாசக்கணக்கா ஆச்சேம்மா. முன்வாசல்ல டிக்கெட் கிழிக்கிறார். வீட்ல சொல்லலையா?”

“தினம் தலை ஈரமாத்தானே சார் வர்றார்?”

“கிளம்பும்போது குழாய்ல நனைச்சுக்குவார்.”

“டாக்டர்கிட்ட போனாரா சார்? தண்ணி ஒத்துக்கலையா?”

“தண்ணி இல்லம்மா.” மேனேஜர் தயங்கினார். “வீட்ல குருவி இருக்காமே. அந்த இறகுத் தூசிதான் நுரையீரலைக் கெடுக்குதாம். அதை வெளியே குடுத்துட்டா சரியாயிடும், மறுபடி முக்குளிக்கலாம்னாராம் டாக்டர். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“‘அவ மறுபடி வாயைத் திறந்ததே அந்தக் குருவிகிட்டதான் சார், எனக்கு வாசலே போதும்’னுட்டார்.”