மேலிடத்து எண்

குப்பியில் நீர் மஞ்சளாகவில்லை.

குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். மூன்றாவது தடவையும் சோதனை மருந்து விட்டுக் குலுக்கினேன். வெறும் தண்ணீராகவே நின்றது. குளோரின் துளிகூட இல்லை. ஆற்று அழுக்கு அப்படியே பெரிய குழாயில் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.

கீழ்த்தெருவில் அம்மா இந்நேரம் குடத்தை வைத்திருப்பாள்.

வால்வுக்காரர் இரும்புச் சக்கரத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மூடவா, வேணாமா? வாயத் தொறந்து சொல்லும்மா. நீதானே இன்ஜினியரு."

மருத்துவமனைக்கும் இதே குழாய்தான். மூடினால், அங்கே ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் நின்றுவிடும். எத்தனை பேர் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்களோ.

மூடச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. தலைமைப் பொறியாளர் சொல்ல வேண்டும். அவர் இல்லையென்றால் இணை, அவரும் இல்லையென்றால் துணை. மூன்று பதவிகளையும் போன மாதம் சிக்கனம் என்று ஒழித்துவிட்டார்கள்.

"மூணு வெள்ளை யானைக்குத் தீனி மிச்சம்" என்று அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது நான்தான். என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த மூவரில் ஒருவர்கூட என்னை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

பணிகள் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதாகச் சுற்றறிக்கை வந்தது. உரியவர் யார் என்று அதில் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து போன வாரம் என் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கியதோடு சரி. சம்பளம் ஏறப்போகிறது என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன்.

சுவரில் தலைமைப் பொறியாளரின் அவசர எண் சிவப்பு மையில் அப்படியே இருந்தது. யாரையாவது உட்கார வைத்திருப்பார்கள். அவ்வளவு பெரிய நாற்காலியைக் காலியாகவா விடுவார்கள்?

கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசியில் அழுத்தினேன். அவசரத்தில் ஓர் எண் தப்பியது. மறுபடி அழுத்தினேன்.

மணி போனது. போன உயிர் திரும்பி வந்தது.

"அடிக்குதுண்ணே."

எடுங்கய்யா. திட்டுங்க, நிக்க வச்சே பேசுங்க. மூடு, இல்ல மூடாத. ஒத்த வார்த்தை போதும்.

மேசைமேல் கிடந்த என் பைக்குள் ஏதோ உறுமியது.

அம்மாவாக இருக்கும். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பையைத் திறந்தேன்.

என் கைபேசித் திரையில் மினுங்கியது: கட்டுப்பாட்டு அறை.

வால்வுக்காரர் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தார்.

"ஐயா என்னம்மா சொல்றாரு?"