பேசினால் தோல்வி

"அண்ணே, இன்னிக்கு யாரு ஜெயிப்பா? சொல்லிடுங்க. எல்லாரும் உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் பதினொன்று.

டென்னிஸ் அரங்கத்தின் பின்பக்கம். வீராங்கனைகளை ஹோட்டலிலிருந்து ஏற்றி வரும் கார்கள் நிற்கும் இடம் அது. அங்கே டிரைவர்களுக்குப் பெயரெல்லாம் கிடையாது, வண்டி நம்பர்தான் பெயர். பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பதினொன்று கேட்டது ஏழிடம்.

"எங்க பொண்ணை இனிமேத்தானே கூட்டிட்டு வரணும். வண்டியில ஏறாம எப்படிப்பா சொல்றது?" என்றார் ஏழு. ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏழுக்கு டென்னிஸில் பந்து எந்தப் பக்கம் விழுந்தால் யாருக்குப் புள்ளி என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஆனால் அவருடைய ஜோசியம் பலித்தது. ஹோட்டலிலிருந்து அரங்கத்துக்கு இருபது நிமிஷப் பயணம். வாயைத் திறக்காமல் வருகிறவள் ஜெயிப்பாள், பேசிக்கொண்டு வருகிறவள் தோற்பாள். உள்ளே உதறல் எடுத்தவளுக்குத்தான் பேச்சுத்துணை தேவை என்பது அவர் கட்சி. மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டியில் நடந்ததை வந்து ஒப்பிப்பார்கள், ஏழு தீர்ப்புச் சொல்வார். பத்து நாளில் ஒன்றும் பிசகவில்லை. பேப்பரில் பத்தி பத்தியாக எழுதியவர்கள்தான் கோட்டை விட்டார்கள்.

"எங்க ஆளு கப்சிப். உதட்டைக் கடிச்சுக்கிட்டு வந்து இறங்குச்சு" என்று பதினொன்று தன் பங்கைச் சொல்லிவிட்டார். "உங்க பொண்ணும் பேசலைன்னா?"

"ராத்திரி வரைக்கும் இழுக்கும். ஆனா கடைசியில எங்க பொண்ணுதான்."

"ஒரு வார்த்தை பேசினா?"

"ஒரு வார்த்தைன்னாலும் பேச்சு பேச்சுதான். போச்சு."

பக்கத்தில் நின்ற வேன்காரர் சிரித்தார். "அது எங்கே பேசப்போகுது? அஞ்சு ஆட்டமா உங்க வண்டியில வருது, இருமக்கூட இல்லைன்னு சொன்னீங்க. கப்பு உங்க வண்டிக்குத்தான். அப்புறம் ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?"

ஏழு துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஒரு வார்த்தை பேசினா நல்லாருக்கும்னு இருக்கு."

"என்னது?"

"ஏசியைக் குறைங்கன்னு சொன்னாக்கூடப் போதும். டிவிக்காரங்ககிட்ட பேசுறா. பந்து பொறுக்குற பிள்ளைங்ககிட்ட பேசுறா. கேட்ல நிக்கிற செக்யூரிட்டிக்குக்கூட குட்மார்னிங் சொல்றா. எங்கிட்ட மட்டும் ஒண்ணும் கிடையாது."

"பேசினா தோத்துடுமேண்ணே. உங்களுக்கு என்னதான் வேணும், கப்பா பேச்சா?"

ஏழு துணியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார். அவருக்கே தெரியாத விஷயத்தை எப்படிச் சொல்வார்? அவள் ஜெயிக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அவள் விமானம் ஏறிவிடுவாள். அடுத்து எந்த ஊரில் யார் வண்டியில் ஏறுவாளோ.

ஹோட்டல் வாசலில் அவள் தயாராக நின்றாள். பின் சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் நாள் அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பியவள்தான். பிடிக்கவில்லை என்றால் வேறு வண்டி கேட்டிருக்கலாம், உடனே கொடுத்திருப்பார்கள். ஆனால் கேட்கவில்லை. ஏழு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பத்து நாளை ஓட்டினார்.

அவராகப் பேச முடியாது. ஆட்டக்காரர்களிடம் டிரைவர்கள் முதலில் வாயைத் திறக்கக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. அவளுக்காக வாங்கி வைத்த தண்ணீர் பாட்டிலும் அவள் பக்கத்திலேயே திறக்கப்படாமல் கிடந்தது.

முதல் சிக்னல் போனது. பாலம் போனது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்ப்பதும், சாலையைப் பார்ப்பதுமாக ஓட்டினார். பேசும்மா என்று ஒரு மனசு கெஞ்சியது. பேசித் தொலைத்துவிடாதே என்று இன்னொரு மனசு அதட்டியது. வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியும் இருபது நிமிஷம் இருபத்தைந்துக்கு மேல் போகவில்லை.

அரங்கத்தின் வாசல் வந்துவிட்டது. அவள் பேசவில்லை.

ஏழு இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நடந்தாள். ஜெயிச்சுடுவா, நல்லா இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டார். நாலு அடி போனவள் நின்றாள். திரும்பினாள்.

அவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் டிரைவர்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னண்ணே, யாரு?"

"பதினொண்ணு, உன் ஆளுதான்பா."

"அய்யய்யோ. பேசிடுச்சா?"

"வழியில பேசலை. இறங்கிப் போனவ திரும்பி வந்து பேசினா."

"நிறையவா?"

"ஒரே வார்த்தை."

ஏழு வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி துடைக்கும் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கக் கண் நிறைந்தது.

வேன்காரர் அவர் தோளைத் தொட்டார். "விடுங்கண்ணே. ஆட்டம்னா தோக்கறதும்தான். இதுக்குப் போய் அழுவாங்களா? அப்படி என்னதான் சொல்லுச்சு?"

ஏழு நிமிர்ந்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

"பதினாலு வருஷம் கழிச்சு என்னை அப்பான்னு கூப்பிட்டாப்பா."